ஃபிளேவின் நொதிகள் என்ஏடிஎச்சிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படிப்பவர்களும், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்களும், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர்களும், பொள்ளாச்சித் தோப்புக்காரர்களும் கேட்கக்கூடிய கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. என்ஏடிஎச் என்பது உணவிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் சிறு மூலக்கூறு; அவற்றைக் கொடுத்த பின் அது என்ஏடி ஆகிறது. விடைகள் ஒரே நீளத்தில் அமையவில்லை. பாடநூல் தெளிவாகச் சொல்லிவிட்ட இடங்களில் சுருக்கமாகவும், அது ஓர் அம்புக்குறியைப் போட்டுக் கடந்துவிடும் இடங்களில் விரிவாகவும் எழுதப்பட்டுள்ளன.

ஃபிளேவின் என்பது நொதியா, வைட்டமினா?

வைட்டமின் பி2 எனப்படும் ரிபோஃபிளேவினில் உடல் ஒரு பாஸ்பேட்டைச் சேர்த்தால் அது எஃப்எம்என் ஆகிறது. அந்த எஃப்எம்என்னுடன், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறாகிய ஏடிபியிலிருந்து எடுத்த ஏஎம்பி பகுதியை இணைத்தால் எஃப்ஏடி ஆகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே ஃபிளேவின் இணைநொதிகள் என்கிறோம். நொதி என்பது இவற்றைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் புரதம். எலக்ட்ரான் வாங்குவதும் கொடுப்பதும் மூன்று வளையங்கள் ஒட்டியமைந்த ஐசோஅல்லாக்சசின் என்னும் மஞ்சள் நிறப் பகுதியில்தான் நடைபெறுகின்றன. நீண்ட வால்பகுதி பெரும்பாலும் புரதத்தோடு பிணைந்திருப்பதற்கே பயன்படுகிறது. ஆகவே எஃப்எம்என் வலியது, எஃப்ஏடி எளியது என்று வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. இரண்டிலும் வேலை செய்யும் வளையம் ஒன்றே. அந்த வளையத்தைச் சுற்றியிருக்கும் புரதப் பொதிவுதான் நொதிக்கு நொதி மாறுகிறது. அந்த மாற்றம் என்னென்ன செய்யும் என்பதே இப்பக்கத்தின் பெரும்பகுதி.

என்ஏடிஎச் உண்மையில் எதைக் கொடுக்கிறது? எலக்ட்ரானையா, ஹைட்ரஜனையா?

ஹைட்ரைடைக் கொடுக்கிறது. ஒரு புரோட்டானும் அதனுடன் இரண்டு எலக்ட்ரான்களும் சேர்ந்த ஒரே பொதிதான் ஹைட்ரைடு. என்ஏடிஎச்சின் நிகோட்டினமைடு வளையத்தில் 4ஆம் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, தன் பிணைப்பின் இரண்டு எலக்ட்ரான்களையும் எடுத்துக்கொண்டு, ஃபிளேவின் வளையத்தின் 5ஆம் நைட்ரஜனுக்குத் தாவுகிறது. இது நடக்க வேண்டுமானால் இரண்டு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று இணையாகப் படிந்து, அந்தக் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே ஏறத்தாழ 3.5 ஆங்ஸ்ட்ராம் தொலைவே இருக்குமாறு அமைய வேண்டும். அந்த அமைப்பை உண்டாக்குவது புரதமே. 4ஆம் கார்பனிலுள்ள இரண்டு ஹைட்ரஜன்களில் எது தாவும் என்பதும், ஃபிளேவினின் எந்த முகத்தின்மேல் நிகோட்டினமைடு படியும் என்பதும் ஒவ்வொரு நொதியிலும் மாறாமல் நிலைபெற்றிருக்கின்றன.

ஹைட்ரைடாகத்தான் தாவுகிறது என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் மாணவரைப் பாராட்ட வேண்டும், ஏனெனில் அதைக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை. அந்த ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தை வைத்தால் வினை மெதுவாகிறது. எனவே அந்தப் பிணைப்பு உடைவதே வேகத்தைத் தீர்மானிக்கும் படிகளில் ஒன்று என்று தெரிகிறது. ஆனால் 5ஆம் நைட்ரஜனில் வந்து அமர்ந்த ஹைட்ரஜன், சுற்றியுள்ள நீரின் ஹைட்ரஜனோடு மிக விரைவாக இடம் மாறிக்கொள்வதால், அது என்ஏடிஎச்சிலிருந்து வந்ததா நீரிலிருந்து வந்ததா என்று சோதித்தறிய வழியில்லாமல் இருந்தது. 1970களில் அந்த நைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பனைக் கொண்ட டிஅசாஃபிளேவின் என்னும் செயற்கை மூலக்கூறைப் பயன்படுத்தினார்கள். கார்பனில் அமர்ந்த ஹைட்ரஜன் எளிதில் இடம் மாறாது. அடையாளமிட்ட ஹைட்ரஜன் என்ஏடிஎச்சிலிருந்து நேராக அங்கே வந்து நிலைத்திருப்பதைக் கண்டார்கள்.

என்ஏடிஎச் நேரடியாக ஆக்சிஜனுக்கோ இரும்புக்கோ கொடுத்துவிடக் கூடாதா? நடுவில் ஃபிளேவின் எதற்கு?

கொடுக்க இயலாது என்பதே விடை. என்ஏடிஎச்சிலிருந்து ஒரே ஓர் எலக்ட்ரானை மட்டும் பிரித்தால் மிஞ்சும் தனி உறுப்பு (இணையில்லாத ஒற்றை எலக்ட்ரானுள்ள மூலக்கூறு) மிகவும் நிலையற்றது; ஆகவே என்ஏடிஎச் இரண்டையும் சேர்த்தே கொடுக்கும். ஆனால் இரும்பு-கந்தகக் கொத்தும் சைட்டோகுரோம் என்னும் புரதத்தின் இரும்பும் ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரானை மட்டுமே ஏற்பவை. ஆக்சிஜனோ, தன் இரண்டு எலக்ட்ரான்கள் இணை சேராமல் நிற்கும் மும்மை நிலையில் இருப்பதால், இணை சேர்ந்த இரண்டு எலக்ட்ரான்களை ஒரே அடியில் ஏற்க அதற்குத் தடை உள்ளது. என்ஏடிஎச்சைத் தாங்கல் கரைசலில் கரைத்து மேசைமேல் திறந்து வைத்தாலும், காற்று பட்டதால் மட்டும் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுவதில்லை என்பதை ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

ஃபிளேவின் இரண்டு வகையிலும் பழகக்கூடியது. இரண்டு எலக்ட்ரான்களைச் சேர்த்து வாங்கவும், பிறகு ஒவ்வொன்றாகக் கொடுக்கவும் அதனால் இயலும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை வைத்துக்கொண்டிருக்கும் இடைநிலைக்குச் செமிகுவினோன் என்று பெயர். அந்த ஒற்றை எலக்ட்ரான் ஐசோஅல்லாக்சசின் வளையங்கள் முழுவதும் பரவி நிற்பதால், பிற தனி உறுப்புகளோடு ஒப்பிடும்போது செமிகுவினோன் தாக்குப்பிடிக்கக் கூடியது. நீரில் தனியாகத் திரியும் ஃபிளேவினில் இந்த நிலை மிகச் சிறு பங்காகவே காணப்படும். சில புரதங்களுக்குள்ளோ அது நீண்ட நேரம் நிலைத்திருக்கும். வேறு சில புரதங்கள், குறிப்பாக, உயிரணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் என்ஏடிஎச்சிடமிருந்து எலக்ட்ரானை வாங்கும் முதலாம் கூட்டமைப்பு, அது தோன்றிய உடனே மறையும்படி செய்கின்றன.

ஆற்றல் கணக்கில் ஃபிளேவின் எங்கே நிற்கிறது?

ஒடுக்கம் என்பது எலக்ட்ரானை வாங்குவது; ஒடுக்க மின்னழுத்தம் அந்த நாட்டத்தின் அளவு. நடுநிலை அமிலத்தன்மையில் என்ஏடி/என்ஏடிஎச் இணையின் ஒடுக்க மின்னழுத்தம் −320 மில்லிவோல்ட். தனி ஃபிளேவினின் மின்னழுத்தம் ஏறத்தாழ −210 மில்லிவோல்ட். ஆக்சிஜனுக்கும் நீருக்கும் உரியது ஏறத்தாழ +820 மில்லிவோல்ட். எலக்ட்ரான் தாழ்ந்த எண்ணிலிருந்து உயர்ந்த எண்ணை நோக்கிச் செல்லும். என்ஏடிஎச்சிலிருந்து ஆக்சிஜன் வரையுள்ள 1.14 வோல்ட் இடைவெளியில் இரண்டு எலக்ட்ரான்கள் இறங்கும்போது மோலுக்கு ஏறத்தாழ 220 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது.

இந்த −210 என்ற எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு எல்லா ஃபிளேவின் நொதிக்கும் பொருத்துவது தவறு. புரதம் தன் பொதிவில் நேர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்களை வளையத்தின் அருகே நிறுத்தினால், ஒடுக்கப்பட்ட நிலை நிலைபெற்று மின்னழுத்தம் உயர்கிறது. எதிர்மின்னேற்றத்தை நிறுத்தினால் தாழ்கிறது. இவ்வாறு புரதங்கள் அந்த ஒரே வளையத்தின் மின்னழுத்தத்தை ஏறத்தாழ −400 முதல் +60 மில்லிவோல்ட் வரை நகர்த்தி வைத்திருக்கின்றன. சக்சினேட் டிஹைட்ரஜனேஸில் எஃப்ஏடி சகப்பிணைப்பால் ஒட்டப்பட்டு மின்னழுத்தம் உயர்த்தப்பட்டிருப்பதால் அது சக்சினேட்டிடமிருந்து எலக்ட்ரானை வாங்க முடிகிறது. டிஹைட்ரோலிப்போஅமைடு டிஹைட்ரஜனேஸில் போக்கு தலைகீழானது. அங்கே எஃப்ஏடிதான் கொடுப்பது. என்ஏடி வாங்கி என்ஏடிஎச் ஆகிறது. பைருவேட் டிஹைட்ரஜனேஸ் கூட்டமைப்பின் கடைசிப் படி இதுவே. ஃபிளேவின் எப்போதும் என்ஏடிஎச்சிடமிருந்து வாங்கும் என்று எழுதும் தேர்வுத்தாள்கள் இந்த நொதியை மறந்துவிடுகின்றன.

சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் போட்டால் வாட் சாயம் நிறம் மாறுகிறது. ஃபிளேவினும் அப்படித்தான் நிறம் மாறுமா?

ஆம், இரண்டும் ஒரே வகை வேதியியல்தான். நூலுக்கு வாட் சாயம் ஏற்றுவோர் காஸ்டிக் சோடாவோடு சேர்க்கும் ஹைட்ரோஸ் என்பது சோடியம் டைதயோனைட். அது சாயத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, நீரில் கரையும் வேறு நிற வடிவமாக மாற்றுகிறது. நூலைத் தொட்டியிலிருந்து தூக்கிக் காற்றில் காட்டினால் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்ள, சாயம் தன் நிறத்தைத் திரும்பப் பெற்று இழைக்குள் தங்கிவிடுகிறது. ஃபிளேவின் ஆய்வகங்களிலும் நொதியை முழுமையாக ஒடுக்க இதே டைதயோனைட்டையே பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் கரைசல் வெளிறிவிடும். காற்றுப் பட்டதும் மஞ்சள் மீளும்.

ஆக்சிஜனேற்ற நிலையில் ஃபிளேவின் ஏறத்தாழ 370, 450 நானோமீட்டர்களில் ஒளியை உறிஞ்சுகிறது, அதனால்தான் மஞ்சள். என்ஏடிஎச் சேர்ந்து ஹைட்ரைடு தாவியதும் 450இல் இருந்த உறிஞ்சல் சரிகிறது. செமிகுவினோன் இரு வடிவங்களில் வரும்: புரோட்டான் ஏற்ற நடுநிலை வடிவம் 570 முதல் 600 நானோமீட்டர் வரை உறிஞ்சி நீலமாகவும், எதிர்மின்னேற்ற வடிவம் சிவப்பாகவும் தோன்றும். எந்த நிறம் வரும் என்பதையும் புரதமே தீர்மானிக்கிறது. இவற்றோடு மற்றொன்றும் உண்டு: ஹைட்ரைடு தாவுவதற்கு முன்னும் பின்னும், நிகோட்டினமைடும் ஃபிளேவினும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்போது, 600 நானோமீட்டருக்கு அப்பால் ஒரு மங்கலான அகன்ற உறிஞ்சல் எழுகிறது. இதை மின்னேற்றப் பரிமாற்றக் கூட்டு என்பர். இரண்டு கரைசல்களை மில்லிநொடிகளில் கலந்து ஒளியை அளக்கும் நிறுத்தப்பாய்வுக் கருவி வந்த பிறகு, இந்த மங்கல் நிறம் தோன்றி மறைவதைப் பின்தொடர்ந்தே பல நொதிகளின் படிகள் பிரித்தறியப்பட்டன. வின்சென்ட் மாசி என்னும் உயிர்வேதியியலர் இத்துறையில் செய்த பணி இன்றும் அடிப்படையாக உள்ளது.

முதலாம் கூட்டமைப்பில் எலக்ட்ரான் செல்லும் பாதை என்ன?

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஆங்கில எல் எழுத்தின் வடிவில் நிற்கும் இந்தக் கூட்டமைப்பு, பாலூட்டிகளில் 45 புரதத் துணையலகுகளால் ஆனது. ஒரு கை சவ்வுக்குள் கிடக்கிறது. மற்றொரு கை மைட்டோகாண்ட்ரியாவின் உட்குழியை நோக்கி நீண்டிருக்கிறது. அந்த நீண்ட கையின் நுனியருகே எஃப்எம்என் அமர்ந்திருக்கிறது. என்ஏடிஎச் அங்கே வந்து ஹைட்ரைடைக் கொடுத்துவிட்டு என்ஏடி ஆக விலகிச் செல்கிறது. ஒடுக்கப்பட்ட எஃப்எம்என் தன் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக ஏழு இரும்பு-கந்தகக் கொத்துகளின் வரிசையில் விடுகிறது. அவை ஏறத்தாழ 95 ஆங்ஸ்ட்ராம் தொலைவைக் கடந்து, கடைசிக் கொத்தை அடுத்துள்ள, சவ்வில் எலக்ட்ரானைச் சுமக்கும் யூபிகுவினோன் என்னும் மூலக்கூறை அடைகின்றன. அடுத்தடுத்த கொத்துகளுக்கிடையே விளிம்பிலிருந்து விளிம்பு வரையான இடைவெளி 14 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்படாததால், எலக்ட்ரான் குவாண்டம் ஊடுருவலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போதிய வேகத்தில் செல்ல முடிகிறது. தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்னும் வெப்பநீர் பாக்டீரியத்திலிருந்து எடுத்த இந்தக் கையின் அமைப்பை 2006இலும், முழுக் கூட்டமைப்பையும் 2013இலும் லியோனிட் சசானோவின் குழு வெளியிட்டது.

இரண்டு எலக்ட்ரான்கள் இவ்வாறு சென்றடையும்போது நான்கு புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஃபிளேவின் நிற்கும் இடத்துக்கும் புரோட்டான்கள் கடக்கும் சவ்வுக்கும் இடையே அவ்வளவு தொலைவு இருந்தும் இது நடப்பதால், எலக்ட்ரான் வாங்குவதும் புரோட்டான் தள்ளுவதும் ஒரே இடத்தில் நிகழ்வதுபோல் படம் போடும் பாடநூல்கள் மாணவரைத் திசைதிருப்புகின்றன. எஃப்எம்என் பகுதியில் ஆற்றல் சேமிக்கப்படுவதில்லை. குவினோனை ஒட்டி நிகழும் மாற்றங்களே புரோட்டான் பாதைகளை இயக்குகின்றன.

எஃப்ஏடிஎச்2 என்பது என்ஏடிஎச்சைப் போல உயிரணுவுக்குள் சுற்றித் திரியும் கடத்தியா?

இல்லை. தேர்வில் ஏடிபி கணக்குப் போடும்போது "ஒரு எஃப்ஏடிஎச்2 கிடைக்கிறது" என்று எழுதும் வழக்கத்தால் வந்த மயக்கம் இது. என்ஏடிஎச் நொதியிலிருந்து பிரிந்து கரைசலில் நகர்ந்து மற்றொரு நொதியைச் சேர்கிறது. எஃப்ஏடியோ தன் நொதியை விட்டு நகர்வதில்லை. சக்சினேட் டிஹைட்ரஜனேஸில் அது சகப்பிணைப்பாலேயே கட்டப்பட்டிருக்கிறது. அங்கே ஒடுக்கப்பட்ட எஃப்ஏடி, அதே கூட்டமைப்பிலுள்ள இரும்பு-கந்தகக் கொத்துகள் வழியாக யூபிகுவினோனுக்கு எலக்ட்ரான்களை அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே அடுத்த சக்சினேட்டுக்குக் காத்திருக்கிறது. பழைய கணக்கில் என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2க்கு 2 ஏடிபி என்பர். இன்று ஏற்கப்படும் மதிப்புகள் ஏறத்தாழ 2.5, 1.5.

சிலந்திப்பேனுக்குத் தெளிக்கும் மருந்துகள் இந்த ஃபிளேவினையா தாக்குகின்றன?

ஆனைமலைத் தேயிலையிலும் பொள்ளாச்சித் தென்னையிலும் சிலந்திப்பேன் தொல்லையை அறிந்தவர்கள் கேட்கத்தக்க நல்ல கேள்வி. ஃபென்பைராக்சிமேட், ஃபெனசாக்வின், பைரிடாபென் ஆகியவை முதலாம் கூட்டமைப்பைத் தடுப்பவை என்பது சரி. ஆனால் அவை எஃப்எம்என்னைத் தொடுவதில்லை. வரிசையின் மறுமுனையில், யூபிகுவினோன் வந்து எலக்ட்ரானைப் பெறும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மீன்பிடிக்கப் பயன்பட்ட கொடிவேர்களிலிருந்து கிடைக்கும் ரோட்டெனோனும் அங்கேதான் அமர்கிறது.

அடைப்பு மறுமுனையில் இருந்தாலும் அதன் விளைவு ஃபிளேவினில் தெரிகிறது. வெளியேற வழியில்லாததால் கொத்துகள் அனைத்தும் எலக்ட்ரானால் நிரம்புகின்றன; எஃப்எம்என் ஒடுக்கப்பட்ட நிலையிலேயே தேங்குகிறது; என்ஏடிஎச் செலவாகாமல் கூடுகிறது. இந்தத் தேக்கத்தில் எஃப்எம்என் அருகில் வரும் ஆக்சிஜனுக்கு ஓர் எலக்ட்ரானை விட்டுக் கொடுக்க, சூப்பராக்சைடு என்னும் கேடு செய்யும் ஆக்சிஜன் வடிவம் பிறக்கிறது. பூச்சி சாவதற்கு ஏடிபி குறைவே முதன்மைக் காரணம். இந்தச் சூப்பராக்சைடு அதோடு சேரும் மற்றொரு கேடு. தெளிப்பவருடைய மைட்டோகாண்ட்ரியாவிலும் இதே கூட்டமைப்பு இருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தெளிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

ஒடுக்கப்பட்ட ஃபிளேவின் எல்லா நொதியிலும் ஆக்சிஜனோடு வினைபுரியுமா?

தனி ஃபிளேவினை ஒடுக்கிக் காற்றில் விட்டால் அது விரைவில் ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. நொதிகளுக்குள் நடத்தை மூன்று வகைப்படும். ஆக்சிடேஸ்கள் ஆக்சிஜனை வரவேற்றுப் பெராக்சைடு தருகின்றன. மோனோஆக்சிஜனேஸ்கள் ஆக்சிஜனை ஃபிளேவின் வளையத்தின் 4ஏ கார்பனில் ஒட்டிவைத்து, அதன் ஓர் அணுவை வினைபடுபொருளில் செருகுகின்றன. இவற்றுட் பல தமக்கு வேண்டிய எலக்ட்ரான்களை என்ஏடிஎச் அல்லது அதனுடன் ஒரு பாஸ்பேட் சேர்ந்த வடிவமாகிய என்ஏடிபிஎச்சிடமிருந்து வாங்குபவை. டிஹைட்ரஜனேஸ்கள் ஆக்சிஜனை அண்டவிடாமல் தம் எலக்ட்ரானை உரிய வேற்றுப் புரதத்துக்கோ குவினோனுக்கோ கொடுக்கின்றன. வளையம் ஒன்றாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு தோன்றுவதற்கு, ஆக்சிஜன் வந்து சேரும் இடுக்கு திறந்திருக்கிறதா, அருகில் நேர்மின்னேற்றம் நிற்கிறதா என்பன போன்ற பொதிவின் விவரங்களே காரணம்.

கிணற்று நீரில் நைட்ரேட் கூடினால் குழந்தை நீலம் பாயும் என்கிறார்கள். இதற்கும் ஃபிளேவினுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. உரமும் சாணமும் சாக்கடையும் கசியும் நிலங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கைக்குழந்தையின் குடலில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் சேர்ந்தால், ஹீமோகுளோபினின் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெட்ஹீமோகுளோபின் ஆகிறது. அந்த எலக்ட்ரானைத் திருப்பித் தரும் முதன்மை நொதி சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்னும் எஃப்ஏடி நொதி.

அதன் வேலையில் மேலே சொன்ன இரண்டு-ஒன்று மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. என்ஏடிஎச் ஒரு ஹைட்ரைடை எஃப்ஏடிக்குக் கொடுக்கிறது. எஃப்ஏடி ஓர் எலக்ட்ரானை ஒரு சைட்டோகுரோம் பி5க்குக் கொடுத்துச் செமிகுவினோனாக நிற்கிறது. மற்றொன்றை இரண்டாவது சைட்டோகுரோம் பி5க்குக் கொடுத்து மீண்டும் மஞ்சளாகிறது. அந்த இரண்டு சைட்டோகுரோம்களும் ஆளுக்கொரு ஹீம் இரும்பைச் சரிசெய்கின்றன. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகளில் இந்த நொதியின் செயல்திறன் பெரியவர்களைவிடக் குறைவு. அவர்களுக்கு ஆபத்து அதிகமாவது இதனால்தான். நைட்ரேட் மிகுந்த நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். ஆகவே அத்தகைய கிணற்று நீரில் பால்மாவைக் கரைக்கக் கூடாது. மருத்துவமனையில் கொடுக்கப்படும் மெத்திலீன் நீலம் வேறு வழியில், என்ஏடிபிஎச்சிடமிருந்து எலக்ட்ரானைப் பெறும் மற்றொரு நொதியின் உதவியால் வேலை செய்கிறது. என்ஏடிபிஎச்சை உண்டாக்க உதவும் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கு அது தீங்கு செய்யக்கூடும்.

சாயக்கழிவின் நிறத்தைப் பாக்டீரியா நீக்குவது இந்த நொதிகளாலா?

பெரும்பாலும் ஆம். ஆனால் இதில் மிகை எதிர்பார்ப்பு கூடாது. பருத்திப் பின்னலாடைக்குப் பயன்படும் சாயங்களில் பலவற்றில், இரண்டு நைட்ரஜன்கள் இரட்டைப் பிணைப்பால் இணைந்த அசோ பிணைப்பே நிறத்துக்குக் காரணம். குடல் பாக்டீரியமாகிய ஈ. கோலை உள்ளிட்ட பலவற்றில் எஃப்எம்என் கொண்ட அசோரிடக்டேஸ் உள்ளது. என்ஏடிஎச் ஹைட்ரைடைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. அது இருந்த இடத்திலேயே சாயம் வந்து அமர்ந்து ஹைட்ரைடை வாங்குகிறது. இதே சுற்று இரண்டு முறை நடந்தால் அசோ பிணைப்பு அறுந்து, நிறமற்ற இரண்டு அமீன்கள் மிஞ்சுகின்றன. ஓர் அசோ பிணைப்புக்கு இரண்டு என்ஏடிஎச் என்பது கணக்கு.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. சல்ஃபோனேட் குழுக்கள் நிறைந்த பெரிய ரியாக்டிவ் சாயங்கள் பாக்டீரியத்தின் சவ்வைக் கடந்து உள்ளே செல்வது கடினம். வெளியே நடமாடும் ஒடுக்கப்பட்ட ஃபிளேவின், குவினோன் போன்ற சிறு மூலக்கூறுகள் எலக்ட்ரானைச் சுமந்து சென்று சாயத்தைத் தொட்டால்தான் வேகம் கிடைக்கிறது. இரண்டாவதாக, காற்று இருந்தால் ஆக்சிஜனே அந்த எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். ஆகவே நிறம் நீக்கும் தொட்டியில் காற்று இருக்கக் கூடாது. நிறம் போய்விட்டதால் நஞ்சும் போய்விட்டது என்று எண்ணுவது பெரும்பிழை. மிஞ்சும் அரோமாட்டிக் அமீன்களுள் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அவற்றைச் சிதைக்கக் காற்றுள்ள இரண்டாம் தொட்டி வேண்டும். சாயநீரிலுள்ள உப்பையோ எந்த ஃபிளேவின் நொதியும் நீக்காது. நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் நேர்ந்த கேட்டில் நிறத்தைவிட உப்பின் பங்கு பெரிது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பின், கழிவுநீரே வெளியேறாத முறையை நோக்கி அத்தொழில் திரும்பியதற்கும் இதுவே பின்னணி.

ஈரோட்டு மஞ்சளின் நிறமும் ஃபிளேவினின் நிறமும் ஒன்றா?

ஒன்றல்ல. மஞ்சளில் இருப்பது குர்குமின். அது நீரில் ஏறக்குறைய கரையாது, அதில் நைட்ரஜன் இல்லை. ஃபிளேவின் நீரில் கரையும். புறஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை விழுங்கிய பின் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது ஃபிளேவினால்தான்.

கோழிக்குஞ்சின் விரல் உள்நோக்கிச் சுருளும் நோய் பி2 குறைவால் என்கிறார்களே?

ஆம். தீவனத்தில் ரிபோஃபிளேவின் குறைந்தால் குஞ்சுகளின் இடுப்பு நரம்பு பழுதடைந்து, விரல்கள் உள்ளே மடங்கி, அவை கணுக்காலை ஊன்றி நகரத் தொடங்கும். எல்லா உயிரணுவிலும் ஃபிளேவின் நொதிகள் இருந்தும் நரம்பு முதலில் பாதிக்கப்படுவதற்கு, அதன் ஆற்றல் தேவையும் உறையின் கொழுப்புத் தேவையும் மிகுந்திருப்பது ஒரு காரணம். முட்டையின் வெண்கருவில் ரிபோஃபிளேவினைச் சுமக்கும் தனிப் புரதம் ஒன்றுண்டு. வெண்கருவில் காணும் இளமஞ்சள் சாயல் அதனோடு வந்ததே. அந்தப் புரதம் மரபுவழியில் இல்லாத கோழிகள் இடும் முட்டைகளில், கரு ஏறத்தாழ 13ஆம் நாளில் இறந்துவிடுகிறது. என்ஏடிஎச் நிறைய இருந்தும் அதை வாங்க ஃபிளேவின் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது.

பி2 கூடுதலாக உண்டால் உடலில் ஆற்றல் கூடுமா?

குறைபாடு இருந்தால் சரியாகும், இல்லாவிட்டால் ஆற்றல் கூடுவதில்லை. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. நொதிகள் தமக்குரிய ஃபிளேவினைப் பெற்று நிறைந்த பின் மிச்சம் சிறுநீரில் வெளியேறுகிறது. பால், தயிர், முட்டை, ஈரல், கீரை ஆகியவற்றில் இது கிடைக்கும். நீரில் கரைவதால் வடித்த கஞ்சியோடு ஒரு பகுதி போகும். ஒளியில் சிதைவதால் கண்ணாடிப் புட்டிப் பாலை வெயிலில் வைத்தால் பெரும்பகுதி அழியும்.

இதை முதலில் கண்டறிந்தவர் யார்?

ஆங்கிலேய வேதியியலர் பிளைத் 1879இல் மோர்த்தெளிவிலிருந்து ஒளிரும் மஞ்சள் நிறமி ஒன்றைப் பிரித்தார். அதன் வேலை அப்போது தெரியவில்லை. 1932இல் ஓட்டோ வார்பர்க்கும் வால்டர் கிறிஸ்டியனும் ஈஸ்ட்டிலிருந்து ஒரு மஞ்சள் நொதியை எடுத்தார்கள். அதை ஹியூகோ தியோரெல் 1930களின் நடுவில் நிறமற்ற புரதமாகவும் மஞ்சள் எஃப்எம்என்னாகவும் பிரித்து, தனித்தனியே வேலை செய்யாத அவ்விரண்டையும் மீண்டும் கலந்தால் நொதி உயிர்பெறுவதைக் காட்டினார். நொதி என்பது புரதமும் இணைநொதியும் சேர்ந்ததே என்பதற்கு அது கண்முன் நின்ற சான்று. அவருக்கு 1955இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1935இல் ரிச்சர்ட் கூனும் பால் காரரும் தனித்தனியே ரிபோஃபிளேவினைச் செயற்கையாகத் தயாரித்தனர்.

எங்கள் கல்லூரியில் சாதாரண ஒளி உறிஞ்சல் அளவி மட்டுமே உள்ளது. இரண்டு-ஒன்று மாற்றத்தைச் செய்முறையில் காட்ட முடியுமா?

முடியும். டயாஃபரேஸ் என்ற பெயரில் விற்கப்படும் ஃபிளேவின் நொதியை வாங்கி, நடுநிலைத் தாங்கல் கரைசலில் என்ஏடிஎச்சோடும் எலக்ட்ரான் ஏற்கும் ஒரு நிறப்பொருளோடும் கலந்தால் போதும். என்ஏடிஎச்சை அமிலத்தில் கரைக்கக் கூடாது; சிதைந்துவிடும். என்ஏடிஎச் 340 நானோமீட்டரில் உறிஞ்சுகிறது. ஒரு மோலார் கரைசலுக்கு ஒரு சென்டிமீட்டர் பாதையில் அதன் மதிப்பு 6,220. முதல் குழாயில் டிசிபிஐபி என்னும் நீலச் சாயத்தை ஏற்பியாக வைத்து 600 நானோமீட்டரில் நிறம் குறைவதை அளக்கலாம். இது இரண்டு எலக்ட்ரான்களை ஏற்பது. இரண்டாம் குழாயில் பொட்டாசியம் ஃபெரிசயனைடை வைத்து 420 நானோமீட்டரில் அளக்கலாம். இது ஓர் எலக்ட்ரானை மட்டும் ஏற்பது. இதில் வலிய அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது. நொதி இல்லாத ஒரு குழாயையும், ஏற்பி இல்லாத ஒரு குழாயையும் ஒப்புக்காக வைக்க வேண்டும். சாயமும் என்ஏடிஎச்சும் நொதியின்றியே மெல்ல வினைபுரிந்தால் அதைக் கழிப்பதற்கு இது உதவும். ஏற்பியை மிகுதியாகவும் என்ஏடிஎச்சை அறிந்த அளவாகவும் எடுத்து, வினை முழுவதும் முடிந்த பின் கணக்கிட்டால், செலவான ஒவ்வொரு என்ஏடிஎச்சுக்கும் டிசிபிஐபி ஒன்றும் ஃபெரிசயனைடு இரண்டும் ஒடுங்கியிருக்கக் காணலாம்.